மழைக்கால நீர்மட்டம்

பொதுப்பணித் துறையின் வரைபடப் பிரிவில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லி என்பதற்காக அல்ல. கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்புதான். அவள் இழுக்கும் மைக்கோடு ஊசிமுனையால் கீறியது போல இருக்கும். மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு முழுவதையும் உள்ளங்கை அகலத்துக்குள் வரைந்துவிடுவாள். ஒரு படி இன்னொன்றோடு ஒட்டாது. இருபத்து மூன்று வயதில் அங்கே சேர்ந்தபோது பன்னிரண்டு ஆண்கள், அவள் ஒருத்தி. முதல் வாரம் டீ வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கிவந்து சிந்தாமல் வைத்துவிட்டு, பக்கத்து மேசைப் படத்தில் ஒரு தூண் குறைகிறது என்றாள். எண்ணிப் பார்த்தார்கள், குறைந்தது. அதற்குப் பிறகு டீக்கு வேறு ஆள் போனான்.

நாட்டுக்குச் சுயஆட்சி வந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம் அது. தேசிய நூலகம் என்று பெயர் இருந்ததே ஒழிய கட்டடம் இல்லை. துறைமுகத்தை ஒட்டிய பழைய சுங்கக் கிடங்கில் எலிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன புத்தகங்கள். வெளிநாட்டார் பார்த்தால் மானம் போகும் என்று சட்டசபையில் ஒருவர் எழுந்து கத்தவும், அரசாங்கம் விழித்துக்கொண்டது. போட்டி வைத்தார்கள். கடல் கடந்து படித்துவிட்டு வந்த ஒரு கட்டடக் கலைஞரின் வரைவு ஜெயித்தது.

வெளியே சதுரம், உள்ளே வட்டம். நடுவில் முந்நூறு பேர் உட்காரும் வட்ட வாசிப்புக் கூடம். அதைச் சுற்றி முப்பத்தாறு தூண். மேலே, தட்டைக் கவிழ்த்தாற்போல ஆழமில்லாத குவிமாடம். அதன் விளிம்பு நெடுகக் கண்ணாடி வைத்து, வெயிலை வெளியே நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் மேசைக்கு அனுப்பியிருந்தார் மனிதர். ஊசி அதை முதலில் பார்த்தபோது கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அந்த அழகுக்கு அவள் கடைசிவரை மரியாதை குறைக்கவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நூலகத்துக்கு எதிரே சாலையைத் தாண்டினால் சட்டசபை. அதைவிட எந்தக் கட்டடமும் உயரக்கூடாது என்பது விதி. கட்டடக் கலைஞருக்கும் தாழ்ந்த கட்டடம்தான் பிடித்திருந்தது. அப்படியென்றால் எட்டு லட்சம் புத்தகங்களை எங்கே வைப்பது? தரைக்கு அடியில் வைப்பது என்று முடிவானது. இரண்டு நிலவறைகள், ஒன்றின் கீழ் ஒன்று. கீழே இருப்பதன் தரை இருபத்து நாலடி ஆழத்தில்.

அந்த மனை ஒரு காலத்தில் செங்கல் சூளைக்காரர்கள் களிமண் தோண்டிய பள்ளம். நகரத்தின் பாதி வீடுகள் அந்த மண்ணில் எழுந்தவை. பிறகு குப்பையையும் கட்டட இடிபாட்டையும் கொட்டி நிரப்பி, மேலே புல் வளர்த்து, மைதானம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயரை மாற்றினாலும் தண்ணீர் தன் இடத்தை மறக்கவில்லை. மண் பரிசோதனைக்காரர்கள் துளையிட்டுப் பார்த்து இரண்டு அளவு கொடுத்திருந்தார்கள். கோடையில் நீர்மட்டம் தரையிலிருந்து இருபத்தேழு அடி கீழே. மழைக்காலத்தில் ஒன்பது அடி.

குறுக்குவெட்டுப் படத்தை வரையும் வேலை ஊசிக்கு வந்தது. கட்டடத்தைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. குவிமாடம், தூண், கூடம், நிலவறைகள், அடியில் மண். எல்லாம் முடிந்த பிறகு மேல் நிலவறையின் நெஞ்சுக்கு நேராக விட்டு விட்டு ஒரு கோடு இழுத்து, அதன்மேல் எழுதினாள்: மழைக்கால நீர்மட்டம், 9 அடி.

பிரிவின் நிர்வாகப் பொறியாளருக்கு அலுவலகத்தில் வெல்லம் என்று பெயர். குரல் உயர்த்தியே பேசமாட்டார். படத்தைக் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா இது, புத்தகத்தையெல்லாம் குளத்துல போட்ட மாதிரி இருக்கு?"

"ரிப்போர்ட்ல இருக்கிற அளவுதான் சார்."

"இருக்கட்டும். ஆனா இது மந்திரிசபைக்குப் போற படம். இந்தக் கோட்டைப் பார்த்தா நூறு கேள்வி கேப்பாங்க. தண்ணி உள்ள வராம இருக்கணும்னா தரையும் சுவரும் ரெண்டு மடங்கு கனமாகணும். எட்டு மாசம் தள்ளிப்போகும். தேர்தலுக்கு முன்னாடி திறந்தே ஆகணும்னு மேல ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. கோடை அளவை மட்டும் வச்சுக்க."

"மழையில தண்ணி ஏறுமே சார்?"

"அதுக்குத்தானே மோட்டார் இருக்கு? நான் பார்த்துக்கறேன். இந்த டிபார்ட்மென்ட்ல உன்னை மாதிரி கோடு போட ஆள் கிடையாது. உனக்கு எதுக்குத் தண்ணிக் கவலை?"

அவ்வளவுதான். அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவாவது ஒரு காரணம் இருந்திருக்கும். புகழ்ந்தார், அது அவளுக்கு இனித்தது. அந்தப் படங்களை வரையும், ஒளி ஊடுருவும் டிரேசிங் துணியில் போட்ட மையை அழிப்பது சாதாரண வேலை இல்லை. பிளேடைச் சாய்த்துப் பிடித்து, துணி கிழியாமல், பொடிப்பொடியாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு நகத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடித்தாள். அதையும் அழகாகத்தான் செய்தாள்.

கட்டடம் குறித்த தேதியில் எழுந்தது. திறப்பு விழாவில் கட்டடக் கலைஞருக்கு மாலை, மந்திரிக்கு மாலை, வெல்லத்துக்குப் பதவி உயர்வு. ஊசியை நூலகத்தின் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். கட்டடத்தின் எலும்பு நரம்பெல்லாம் தெரிந்த ஆள் ஒருவர் உள்ளேயே இருக்கட்டும் என்று வெல்லமே சிபாரிசு செய்திருந்தார்.

அங்கேதான் பேப்பர்காரரைச் சந்தித்தாள். கீழ் நிலவறையில் செய்தித்தாள் தொகுப்புகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். நூற்றிருபது வருஷத்துச் செய்தித்தாள்கள், மாதத்துக்கு ஒன்றாகத் தைத்து, கெட்டி அட்டை போட்டவை. எந்த வருஷம் எந்த மாதம் என்றாலும் விளக்குப் போடாமலே போய் எடுத்துவருவார். அலமாரிகளின் இடைவெளியை அளக்க அவள் கீழே இறங்கியபோது அவர் சொன்னார்: "இந்தச் சந்துல நான் போகலாம், தொகுப்பு போகலாம். ரெண்டு பேரும் ஒண்ணாப் போக முடியாதுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு விரல் அகலம் கூட்டிப் போட்டுக் கொடுத்தாள். அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது. அதற்கடுத்த வருஷம் ஒரு பெண் குழந்தை.

முதல் இரண்டு மழைக்காலமும் மழை குறைவு. மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், சட்டையைக் கழற்றியபடி அவர் சொன்னார்: "கீழ சுவர் வேர்க்குது. கை வச்சுப் பார்த்தேன், ஜிலுஜிலுன்னு இருக்கு."

குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல், "புதுச் சுவர்தானேங்க. காயும்," என்றாள்.

அடுத்த வருஷம், "இன்னும் காயலையே?" என்றார்.

"கனமான சுவருங்க. நாளாகும்."

ஐந்தாவது வருஷம் புதுச் சுவர் என்று சொல்ல வாய் வரவில்லை. காற்றோட்டக் குழாயில் கோளாறு என்றாள். எட்டாவது வருஷம், "எல்லா நிலவறையும் அப்படித்தான்," என்றாள். ஒரு முறை சொன்னதைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற மற்றொன்று. இதற்குள் கட்டடம் நாட்டின் பெருமையாகிவிட்டது. தபால்தலையில் வந்தது, பாடப்புத்தகத்தில் வந்தது. மகள் பள்ளியிலிருந்து அதன் படத்தை வரைந்துகொண்டு வந்தாள். குவிமாடத்தை ரொம்ப உயரமாகப் போட்டிருந்தாள். பெற்றவள் அதைத் திருத்திக் கொடுத்தாள்.

பேப்பர்காரர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எல்லா அலமாரியிலும் அடித்தட்டைக் காலி செய்து, அங்கே இருந்த தொகுப்புகளை மேல்தட்டுகளில் படுக்கப்போட்டார். கதவுப் பக்கம் சுவரில் பென்சிலால் ஈரம் ஏறும் உயரத்தை வருஷா வருஷம் குறித்துவைத்தார். மேலிடத்துக்கு மனு எழுதினார். பழைய தொகுப்புகளையாவது மாடிக்கு ஏற்றுங்கள் என்பது மனுவின் சாரம். மனு நூலகரிடம் போகும். நூலகர் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்புவார். அது வந்து சேர்வது ஊசியின் மேசைக்கு. கணவனின் கையெழுத்தில் இருக்கும் தாளை அவள் கோப்பில் கோத்து, 'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதிப் பொதுப்பணித் துறைக்கு அனுப்புவாள். அங்கே அதற்குள் தலைமைப் பொறியாளராகிவிட்டிருந்த வெல்லத்தின் கையெழுத்தோடு பதில் வரும்: மோட்டார் நல்ல நிலையில் இயங்குகிறது.

"உங்க ஆபீஸ்ல என் மனுவை யாராவது படிக்கிறாங்களா?" என்று சாப்பிடும்போது கேட்பார்.

"படிக்கிறாங்க," என்பாள். அது மட்டும் உண்மை.

பதினைந்து வருஷத்தில் அவருக்கு இருமல் நிரந்தரமானது. டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, ஈரமான இடத்தில் வேலையா என்று கேட்டார். பேப்பர்காரர் சிரித்துக்கொண்டே, "இல்லைங்க, தேசிய நூலகத்துல," என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். இடமாற்றம் கேளுங்கள் என்று மட்டும் வீட்டுக்கு வந்த பிறகு சொல்லிப் பார்த்தாள். "நான் போயிட்டா அதுங்களை யாரு பார்ப்பா?" என்றார் அவர்.

இருபத்தாறாவது வருஷம் அந்த மழை வந்தது. தொடர்ந்து நாலு நாள் விடுமுறை, நாலு நாளும் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை பேப்பர்காரர் நிலவறைக் கதவைத் திறந்தார். படிக்கட்டு பாதியோடு நின்றது. மீதிப் படிகள் தண்ணீருக்குள் இருந்தன. தண்ணீர் மேலிருந்து கொட்டியது அல்ல. தரையும் சுவரும் சேரும் விளிம்பு பிளந்து, அடியிலிருந்து ஏறியது. மோட்டாரை இயக்கும் மின்பெட்டியையும் கீழ் நிலவறையிலேயே வைத்திருந்தார்கள். முதல் ஆளாக மூழ்கியது அதுதான்.

தண்ணீர் இறைத்து முடிய ஆறு நாள் ஆனது. நனைந்த காகிதம் ஊதும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு பலத்தோடு ஊதும் என்பதை அன்றுதான் பார்த்தார்கள். தொகுப்புகள் வீங்கி இரும்பு அலமாரிகளை வளைத்திருந்தன. கையால் இழுத்தால் வரவில்லை, கடப்பாரை போட்டால் கூழாக வந்தது. பிழைக்கும் என்று தோன்றியதையெல்லாம் மீன் வியாபாரிகளின் குளிர்கிடங்குக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். உறையவைத்தால் பூஞ்சை பிடிக்காதாம். பேப்பர்காரர் லாரியின் பின்னாலேயே நடந்து போனார், ஏறிக்கொள்ளச் சொன்னதுகூடக் காதில் விழாதவராக. மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அதுவும் திரும்பி வந்தபோது மீன் வாடை அடித்தது.

ஊரே கொதித்தது. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டார்கள். அதற்குத் தொழில்நுட்ப ஆலோசகர் யார் என்றால், ஓய்வு பெற்றிருந்த வெல்லம். அந்தக் கட்டடத்தை அவரைவிட யாருக்குத் தெரியும்?

வாசிப்புக் கூடத்தை ஒட்டிய அறையில் விசாரணை நடந்தது. சாட்சிகள் எல்லோரும் சுவரோரப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேப்பர்காரர் மடியில், விசாரணைக்காகக் கோப்பிலிருந்து எடுத்த இருபத்து மூன்று மனுக்களின் நகல் இருந்தது. அவருக்கு முந்தைய முறை ஊசியுடையது.

குழுத் தலைவர் பழைய குறுக்குவெட்டுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். துணி முழுவதும் மங்கலாக இருக்க, ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டை மட்டும் பளிச்சென்று வெளிச்சத்தை உள்ளே விட்டது.

"இங்க என்னமோ சுரண்டியிருக்கு. வரைஞ்சது நீங்கதானே? என்ன இருந்துச்சு இங்க?"

நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷத்துக்கு முந்தைய விஷயம். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"மழைக்கால நீர்மட்டம் இருந்துச்சு சார். ஒன்பது அடி. நான்தான் சுரண்டினேன்."

"யார் சொல்லி?"

அவள் ஆலோசகரைப் பார்த்தாள். தலை நரைத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே.

"அம்மா, மேலதிகாரி யாராவது சொன்னாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருந்தா, அது எழுத்துல இருக்கான்னு பாருங்க. எழுத்துல இருந்தா கமிட்டி கண்டிப்பா பரிசீலிக்கும்."

"எழுத்துல எதுவும் இல்ல சார். நீங்க வாயாலதான் சொன்னீங்க."

"எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லையேம்மா," என்றார், அவளுக்காக வருத்தப்படுகிறவர் போல.

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவள் திரும்பிப் பெஞ்சைப் பார்க்கவில்லை. பேப்பர்காரரை அடுத்து அழைத்தபோது அவர் எழுந்து போனார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மனுக்களின் நகலை மட்டும் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றிலும் 'தக்க நடவடிக்கைக்கு' என்று யாருடைய கையெழுத்து இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு நடந்துதான் வந்தார்கள். பாதி வழியில் அவர் கேட்டார்: "எத்தனை தடவை சொன்ன?"

"எதைங்க?"

"சுவர் காயும்னு."

அவள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

நாலு மாதத்தில் அறிக்கை வந்தது. 'வரைபட நிலையில் நேர்ந்த தனிப்பட்ட கவனக்குறைவு' என்று ஒரு வரி. ஒரு நாளிதழ் அதைத் தூக்கிப் பிடித்து, ஒரு பெண் அழித்த கோடு ஒரு நாட்டின் நினைவை அழித்தது என்று தலைப்புப் போட்டது. அந்த நாளிதழின் முதல் அறுபது வருஷம் அந்த நிலவறையில்தான் கரைந்திருந்தது. அவளுக்கு எழுத்துமூலக் கண்டனம் கிடைத்தது. வெல்லத்துக்கு விசாரணைக்கு உதவியதற்காக நன்றி கிடைத்தது. கட்டடக் கலைஞர் எப்போதோ இறந்துபோய், வாசலில் மார்பளவு வெண்கலமாக நின்றுகொண்டிருந்தார்.

நூலகத்தின் பின்பக்கம் தரைக்கு மேலே ஆறு மாடிக்குப் புதுச் சேமிப்புக் கட்டடம் எழுந்தது. உயர விதி? அது ஒரு பத்தியில் ரத்தானது. சட்டசபையே பத்து வருஷத்துக்கு முன்னால் தன் தலையில் இரண்டு மாடி ஏற்றிக்கொண்டிருந்தது, அன்றிலிருந்தே விதியை யாரும் நினைக்கவில்லை. புதுக் கட்டடத்துக்கு வடிகால் எங்கெங்கே ஓடுகிறது என்று காட்ட ஆள் இல்லாமல் கடைசியில் ஊசியைத்தான் கூப்பிட்டார்கள். போனாள். பதினொரு நாள் கூடவே நடந்து காட்டினாள். கூட வந்த இளம் பொறியாளர்கள் அவளிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். பின்னால் திரும்பிக் காதோடு காதாக, "அந்தம்மாதான் இது," என்றார்கள்.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சாப்பாடு ஆச்சா, கரண்ட் பில் வந்ததா, மகள் போன் பண்ணினாளா என்பது வரை பேச்சு இருந்தது. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்.

"என்னைத் திட்டவாவது செய்யுங்களேன். நான் என்ன பண்ணியிருக்க முடியும், சொல்லுங்க? அப்ப எனக்கு இருபத்து நாலு வயசு."

அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நீ சுரண்டினதுக்கு எனக்குக் கோபமே இல்ல. அந்த வயசுல நானா இருந்தாலும் சுரண்டியிருப்பேன்," என்றார். "ஆனா தினம் சாயங்காலம் நான் வந்து, சட்டையைக் கழட்டிட்டு, கீழ இப்படி இருக்கு அப்படி இருக்குன்னு உன்கிட்ட சொல்லுவேன்ல? நீ எதிர்ல உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தியே. அதை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

ஓய்வு பெற்ற மாதமே அவர் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். மேட்டுப்பாங்கான ஊர், காற்று உலர்ந்தது, நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காரணம் அதுதான் என்று இருவருமே எல்லோரிடமும் சொன்னார்கள். அவள்தான் பெட்டி கட்டிக் கொடுத்தாள். அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் வேலை பாக்கி இருந்தது. அது முடிந்த பிறகும், நீயும் வா என்று அவர் கூப்பிடவில்லை. வரட்டுமா என்று அவள் கேட்கவில்லை. மகள்தான் ஒருதரம் போனில் அழுதாள்: "அம்மா, ஒரே ஒரு தடவை அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

வருஷத்துக்கு இரண்டு முறை போய்வந்தாள். போனால் நாலு நாள் இருப்பாள். பேரப்பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுப்பாள், மகளோடு சமையலறையில் நிற்பாள். அவர் முன்னைவிடத் தேறியிருந்தார். இருமல் குறைந்து, கன்னத்தில் சதை போட்டிருந்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அவரை நோயாக்கியது அந்த ஈரம்தான் என்பதும் உறுதியானது.

மூன்றாவது வருஷம் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் அறிமுகம் செய்துகொள்ள வந்தார். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், பேச்சுப்பிரியர். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர், காபி கொண்டுவந்து வைத்தவளைப் பார்த்துவிட்டு, "இவங்க?" என்று கேட்டார்.

பேப்பர்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"தேசிய நூலகத்துக்குப் படம் வரைஞ்சவங்க," என்றார்.

"அப்படியா! அடேயப்பா, எவ்வளவு பெரிய கட்டடம்!"

"ஆமாங்க," என்றாள் அவள். காபி டம்ளரைப் பேப்பர்காரரின் கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.